ஹெர்னியா அறுவை சிகிச்சைக்குப் பின்: உடல் தேறி முழு இயக்கத்துக்குத் திரும்புவதற்கான படிப்படியான வழிகாட்டி

குடலிறக்க அறுவை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "தையல் பிரிந்துவிடாதே?" என்பதுதான். எனக்கு இடப்பக்கத் தொடை இடுக்கில் அறுவை நடந்தபோது நானும் அதே அச்சத்தோடு நான்கு நாள் படுக்கையை விட்டு நகராமல் கிடந்தேன். அந்த நான்கு நாளில் முதுகு பிடித்துக்கொண்டது, மலம் இறுகியது, நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தாம் நாள் எழுந்து நடந்தபோது அறுவைக் காயத்தைவிட இவைதான் என்னை அதிகம் வாட்டின. அசையாமல் கிடப்பதுதான் பாதுகாப்பு என்று நான் நம்பியது தவறு என்பதை மறுபரிசோதனைக்குப் போன நாளில்தான் புரிந்துகொண்டேன். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த அனுபவம்தான். இதில் உள்ளவை பொதுவான அறிவுரைகள். உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொல்லையே பின்பற்ற வேண்டும்.

முதல் படி: உங்களுக்குச் செய்யப்பட்டது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெர்னியா என்பது வயிற்றுச் சுவரின் தசையிலோ தசையுறையிலோ ஏற்பட்ட பலவீனமான இடத்தின் வழியே கொழுப்போ குடலோ வெளியே பிதுங்குவது. தொடை இடுக்கில் வருவதே மிக அதிகம். தொப்புளில் வருவதும், பழைய அறுவைத் தழும்பின் வழியே வருவதும் உண்டு. எந்த இடம், எவ்வளவு பெரிய துளை, திறந்த முறையா லேப்ராஸ்கோப்பி முறையா (சிறு துளைகள் வழியே கேமராவை நுழைத்துச் செய்வது), பலவீனமான இடத்தைத் தாங்கச் செயற்கை வலை வைத்தார்களா என்ற நான்கு விவரங்களும் தெரிந்தால்தான் நீங்கள் எவ்வளவு சீக்கிரம் எதைச் செய்யலாம் என்று கணக்கிட முடியும். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையில் இவை இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் அசையக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இத்தாலியரான எடோர்டோ பாசினி 1880களில் வகுத்த முறையில், துளையின் இருபுறமும் உள்ள தசையையும் தசைநாரையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். இழுத்துத் தைத்த துணி எப்படி விறைத்து நிற்குமோ அப்படி அந்த இடம் விறைத்து நின்றது. அதனால் வலியும் அதிகம், தையல் விட்டுவிடும் என்ற கவலையும் அதிகம். நோயாளியை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். கனடாவின் டொராண்டோவில் 1945இல் தன் மருத்துவமனையைத் தொடங்கிய எர்ல் ஷோல்டைஸ், அறுவை முடிந்த கையோடு நோயாளிகளை எழுப்பி நடக்க வைத்தார். 1980களில் அமெரிக்க மருத்துவர் இர்விங் லிக்டென்ஸ்டைன், தசைகளை இழுக்காமல் பலவீனமான இடத்தின் மேல் பாலிபுரொப்பிலீன் என்ற நெகிழியால் ஆன வலையை ஒட்டுப்போடுவதைப் போல வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். இன்று பெரியவர்களுக்கு நடக்கும் தொடை இடுக்கு அறுவைகளில் மிகப் பல வலை வைத்தே செய்யப்படுகின்றன. இழுவிசை இல்லாத இடத்தில் தையல் "பட்டென்று" பிரிவதற்கான காரணமும் குறைவு. மருத்துவம் மாறிவிட்டது, வீட்டில் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது.

பல நாட்டு ஹெர்னியா நிபுணர்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள், நோயாளிக்கு உடல் இடம் கொடுத்தவுடன் வழக்கமான வேலைகளைத் தொடரலாம் என்றே சொல்கின்றன. ஆனால் இந்தத் தாராளம் எல்லோருக்கும் பொருந்தாது. பழைய தழும்பின் வழியே வந்த பெரிய ஹெர்னியாவைச் சரிசெய்தவர்கள், மறுபடி வந்த ஹெர்னியாவுக்கு அறுவை செய்துகொண்டவர்கள், குடல் நெரிந்து அவசரமாக அறுவைக்கு உள்ளானவர்கள் ஆகியோருக்குக் காலக்கெடு நீளும். அவர்கள் கீழே வரும் வாரக் கணக்குகளை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

இரண்டாம் படி: முதல் 24 மணி நேரம்

முழு மயக்க மருந்தோ தண்டுவட ஊசியோ கொடுக்கப்பட்டிருந்தால், முதல் 24 மணி நேரத்துக்கு ஒருவர் உடன் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவதும், மது அருந்துவதும், முக்கியமான ஆவணங்களில் கையெழுத்திடுவதும் கூடாது. தெளிவாக இருப்பதாக உங்களுக்கே தோன்றினாலும் மருந்தின் தாக்கம் முழுதாக இறங்கியிருக்காது.

அன்று கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது சிறுநீர். மயக்க மருந்து, தண்டுவட ஊசி, வலி ஆகிய மூன்றும் சிறுநீர்ப்பையைத் தற்காலிகமாக மந்தமாக்கும். புரோஸ்டேட் வீக்கம் உள்ள வயதான ஆண்களுக்கு இது இன்னும் எளிதில் நேரும். அடிவயிறு நிறைந்து முட்டுகிறது, ஆனால் ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே ஒரு முறை வெளியேற்றினால் தீர்ந்துவிடும் விஷயம்; காத்திருந்தால்தான் சிக்கல்.

லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தோள்பட்டையில் ஒரு வலி வரலாம். வயிற்றில் அறுவை செய்துவிட்டுத் தோளில் வலி வருகிறதே என்று பலர் பதறிப்போகிறார்கள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயுவின் மிச்சம், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த உதரவிதானத்துக்கும் தோளுக்கும் உணர்வு தரும் நரம்புகள் கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் மூளை அதைத் தோள் வலியாகப் படிக்கிறது. எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் வாயு உறிஞ்சப்பட்டு வலி அடங்கிவிடும். மூச்சுத் திணறலோ மார்பு அழுத்தமோ சேர்ந்து வந்தால் மட்டும் அதை வாயு என்று ஒதுக்கிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்று மாலையே எழுந்து அறைக்குள் நடக்க வேண்டும். பத்தடி போதும், பிறகு சற்று ஓய்வு, மறுபடி பத்தடி. கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையாமல் காப்பதும், நுரையீரலின் அடிப்பகுதி விரிவதும், குடல் மீண்டும் அசையத் தொடங்குவதும் இந்தப் பத்தடியில்தான் ஆரம்பமாகின்றன.

மூன்றாம் படி: படுக்கையிலிருந்து எழும் முறை

இதை ஒரு தனிப் படியாக எழுதக் காரணம் உண்டு. முதல் வாரத்தில் மிகக் கூர்மையான வலியைத் தருவது நடையோ மாடிப்படியோ அன்று. மல்லாந்து படுத்திருந்து நேராக எழ முயலும் அந்த ஒரு நொடிதான். எழும்போது வயிற்றின் நடுத் தசைகள் முழு வேகத்தில் சுருங்கி, தைத்த இடத்தை இழுக்கின்றன.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மல்லாந்த நிலையில் இரு முழங்கால்களையும் மடித்துப் பாதங்களை மெத்தையில் ஊன்றுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு மரக்கட்டை உருள்வதைப் போல, பக்கவாட்டில் உருளுங்கள். இடையில் உடல் முறுக்கக் கூடாது. இப்போது மேலே இருக்கும் கையின் உள்ளங்கையை முகத்துக்கு நேரே மெத்தையில் ஊன்றுங்கள், கீழே இருக்கும் கையின் முழங்கையையும் ஊன்றுங்கள். வாயால் மெல்ல மூச்சை விட்டபடியே இரு கால்களையும் கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். கால்களின் எடை கீழே இறங்க, கைகள் மேலே தள்ள, வயிறு எதுவும் செய்யாமலே உடல் நிமிர்ந்துவிடும். உட்கார்ந்தவுடன் எழுந்துவிடாமல் அரை நிமிடம் அப்படியே இருங்கள், தலை சுற்றல் இருந்தால் அடங்கட்டும். படுக்கும்போது இதையே தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் முதல் ஒரு வாரத்துக்காவது உயரமான படுக்கைக்கு மாறிக்கொள்வது நல்லது. தரையிலிருந்து எழுவது இதைவிடப் பல மடங்கு சிரமம்.

நான் இதை முதன்முறை சரியாகச் செய்தபோது, முந்தைய நாள் கண்ணில் நீர் வரவழைத்த அதே அசைவு சிறு இழுப்பாகச் சுருங்கிவிட்டது. இதை அறுவைக்கு முன்பே வீட்டில் நான்கைந்து முறை பழகிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

நான்காம் படி: வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

வலியைத் தாங்குவது தைரியம் என்று நினைத்து மருந்தைத் தவிர்க்கிறவர்கள், அந்த வலியாலேயே இருமாமல், நடக்காமல், ஆழ்ந்து மூச்சு விடாமல் இருந்துவிடுகிறார்கள்; அதனால்தான் குணமாவது தள்ளிப்போகிறது. முதல் இரண்டு மூன்று நாளும் வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடாமல், மருத்துவர் எழுதிக்கொடுத்த நேரப்படி எடுத்துக்கொள்வதே சரி. பெரும்பாலும் பாராசிட்டமாலும், ஒத்துக்கொள்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென் போன்ற மருந்தும் சேர்ந்தாலே போதுமானதாக இருக்கும். பாராசிட்டமால் ஒரு நாளில் நான்கு கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் இந்த வரம்பு இன்னும் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஓபியாய்டு வகை (மார்ஃபின், டிரமடால் போன்ற) வலி நிவாரணி கொடுத்திருந்தால், அதை எவ்வளவு குறைந்த நாளுக்கு எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. அது வலியைக் குறைக்கும், ஆனால் மலத்தை இறுக்கிவிடும்; இறுகிய மலம் முக்க வைக்கும்; முக்கினால் வலி கூடும். இந்தச் சுழலில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, அந்த மருந்தைத் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு நாளில், ஒரு துணியில் சுற்றிய பனிக்கட்டிப் பையை ஒரு முறைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் காயத்தின் மேல் வைத்தால் வீக்கம் குறையும். தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. காயத்தைச் சுற்றித் தோல் மரத்திருப்பதால் குளிரால் ஏற்படும் புண் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

ஐந்தாம் படி: பாரத்தைவிட இருமலுக்கும் முக்கலுக்கும் அஞ்சுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தண்ணீர்க் குவளையைத் தூக்கலாமா, கைப்பையைத் தூக்கலாமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள், ஒரு நாளைக்கு ஐம்பது முறை இருமுவதைப் பொருட்படுத்துவதில்லை. வயிற்றுக்குள் ஏற்படும் அழுத்தத்தை அளந்து பார்த்த ஆய்வுகளில், சிறு எடையைத் தூக்கும்போது இருந்ததைவிட இருமும்போதும் குதிக்கும்போதும் அழுத்தம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. கழிப்பறையில் மூச்சைப் பிடித்து முக்குவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. நாம் விரும்பித் தூக்கும் பாரத்தை நாமே இறக்கி வைத்துவிடலாம். இருமலும் மலச்சிக்கலும் நம்மைக் கேட்டு வருவதில்லை.

இருமலோ தும்மலோ வரும் என்று தோன்றியவுடன் ஒரு சிறு தலையணையை அல்லது மடித்த துண்டைக் காயத்தின் மேல் வைத்து இரு கைகளாலும் உறுதியாக அழுத்திக்கொண்டு, சற்று முன்னால் குனிந்து இருமுங்கள். சிரிப்பு வரும்போதும் இதுவே உதவும். சளியை வெளியேற்றாமல் இருமலை அடக்கிக்கொள்வது சரியன்று. அது நுரையீரலில் தொற்றுக்கு வழிவிடும். நாள்பட்ட இருமல் உள்ளவர்கள் அதற்கான சிகிச்சையை இப்போதே தொடங்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: புகை இருமலைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, காயத்துக்கு வரும் ஆக்சிஜனைக் குறைக்கிறது, காயத்துக்கு வலுத் தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாவதைக் கெடுக்கிறது, காயத் தொற்றுக்கும் ஹெர்னியா மறுபடி வருவதற்குமான வாய்ப்பை உயர்த்துகிறது. நிறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு கிடைக்காது.

மலம் இறுகாமல் இருக்க, சிறுநீர் வெளிர் நிறமாகப் போகும் அளவுக்குத் தண்ணீர், ஒவ்வொரு வேளையும் காய், பழம், முழுத் தானியம் போன்ற நார்ச்சத்துள்ள உணவு, தினமும் நடை ஆகிய மூன்றும் வேண்டும். இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தங்களுக்குரிய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு இன்னும் கட்டிக்கொள்ளும். மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காரும்போது பாதங்களின் கீழ் ஒரு சிறு முக்காலியை வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி செய்து, முழங்கைகளைத் தொடைகளின் மேல் ஊன்றி முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள். வாயைத் திறந்து மூச்சை விட்டபடியே இருங்கள். வாய் திறந்திருக்கும்போது பலமாக முக்க முடியாது. அறுவைக்குப் பின் முதல் மலம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், அது இயல்பு. மூன்று நாள் கடந்தும் வரவில்லை என்றால் மலமிளக்கியைப் பற்றிக் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் சேர்ந்து, வாயுவும் பிரியவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

வயதான ஆண்கள் சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருந்தால், புரோஸ்டேட்டைக் கவனிக்காமல் ஹெர்னியாவை மட்டும் தைத்து முடிப்பது பாதி வேலையே.

ஆறாம் படி: காயத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரும்பாலான மருத்துவர்கள் 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பின் நின்றபடி குளிக்க அனுமதிக்கிறார்கள். காயத்தின் மேல் தண்ணீர் வழிந்து போகலாம், தேய்க்கக் கூடாது. பிறகு சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்து உலரவிட வேண்டும். தொட்டியில் ஊறுவதும் நீச்சலும் காயம் முழுதாக மூடும் வரை, ஏறத்தாழ இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல், வேண்டாம். பொடி, எண்ணெய், களிம்பு எதையும் சொல்லாமல் பூசாதீர்கள்.

தொடை இடுக்கு அறுவைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் விரைப்பையும் ஆணுறுப்பும் கருநீலமாகி வீங்குவதைப் பார்த்துத் திடுக்கிடாத ஆண்கள் குறைவு. அறுவை இடத்தில் கசிந்த சிறிதளவு ரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்கித் தோலுக்கடியில் தங்குவதுதான் அது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும். இறுக்கமான, நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை அணிவதும், படுத்திருக்கும்போது விரைப்பையின் கீழ் ஒரு மடித்த துண்டை வைத்து உயர்த்துவதும் பெரிய ஆறுதல் தரும்.

தழும்பின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு கெட்டியான வரப்பு, இரண்டாம் வாரத்தில் பலருக்குத் தோன்றும். ஹெர்னியா திரும்பிவிட்டது என்று நினைக்க வைக்கும் இது, புதிய திசு உருவாகிக் கெட்டிப்படுவதன் அடையாளம். சில மாதங்களில் மெல்ல மென்மையாகிவிடும். பழைய புடைப்பு இருந்த வெற்றிடத்தில் தெளிந்த நீர் தேங்கி மறுபடி ஒரு புடைப்பாகத் தெரிவதும் உண்டு. லேப்ராஸ்கோப்பிக்குப் பின் இது அதிகம். பெரும்பாலும் அது சில வாரங்களில் தானே வற்றிவிடும், ஊசி போட்டு எடுக்க வேண்டியதில்லை. தழும்புக்குக் கீழே தோல் மரத்துப்போவதும் இயல்பே. சிலருக்கு உணர்ச்சி மெல்லத் திரும்பும், சிலருக்கு ஒரு சிறு பகுதி மரத்தே இருந்துவிடும்.

இனி, தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டியவை: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் பரவும் சிவப்பும் சூடும், சீழ் அல்லது துர்நாற்றம், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், சில மணி நேரத்தில் வேகமாகப் பெருகும் வீக்கம், மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, விரையில் திடீரென வரும் கடும் வலி, நிற்காத வாந்தி. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, மார்பு வலித்தாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம் என்பதால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஏழாம் படி: முதல் இரண்டு வாரத்தின் நடமாட்டம்

நடைதான் இந்த நாட்களின் மருந்து. முதல் நாள் அறைக்குள். இரண்டாம் மூன்றாம் நாளில் ஐந்து நிமிடமாக நான்கைந்து முறை. முதல் வார இறுதியில் ஒரே மூச்சில் பதினைந்து இருபது நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். சமதரையில் நடங்கள், அவசரப்படாதீர்கள், ஆனால் காயத்தைக் கையால் பிடித்துக்கொண்டு கூனி நடக்காதீர்கள். கூனினால் முதுகு வலி ஏறிவிடும். மாடிப்படி ஏறலாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. எவ்வளவு நடந்தது போதும் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: நடக்கும்போது வரும் வலியைவிட அன்று இரவும் மறுநாள் காலையும் வலி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மறுநாள் கூடியிருந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். அப்படியே இருந்தாலோ குறைந்திருந்தாலோ சிறிது கூட்டுங்கள். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே மூன்று மாதத்தையும் கடந்துவிடலாம்.

மேசை வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். வாகனம் ஓட்டுவதற்கு நாள் கணக்கைவிட ஒரு சோதனை முக்கியம். நின்றிருக்கும் வண்டியில் உட்கார்ந்து, குறுக்கே யாரோ ஓடிவந்ததாக நினைத்து, தயங்காமல் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வலியால் கால் ஒரு கணம் தயங்கினாலும் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. ஓபியாய்டு எடுக்கும் நாளில் ஓட்டவே கூடாது. காரில் இடுப்புப் பட்டை காயத்தை உறுத்தினால் இடையில் ஒரு சிறு துண்டை வைத்துக்கொள்ளலாம், பட்டையைக் கழற்றக் கூடாது.

தாம்பத்திய உறவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் மாதக்கணக்கில் ஒதுங்கியே இருந்துவிடுகிறார்கள். வலி இல்லை என்றால் ஒன்று இரண்டு வாரத்துக்குப் பின் தடையில்லை. அறுவை செய்துகொண்டவரின் வயிற்றில் பாரம் விழாத நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எட்டாம் படி: இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

வலை அன்றே இடத்தில் உட்கார்ந்துவிட்டாலும், அதன் கண்களுக்குள் உங்கள் சொந்தத் திசு வளர்ந்து அதைப் பிணைப்பதற்கு வாரங்கள் ஆகின்றன. தோல் காயம் மூன்றாம் வாரத்தில் தன் பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெற்றிருக்கும்; மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கை எட்டும். வலி போய்விட்டதால் குணமாகிவிட்டது என்று எண்ணும் மூன்றாம் வாரம்தான் உண்மையில் நிதானம் தேவைப்படும் வாரம். இந்தக் காலத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோவைத் தாண்டித் திடீரென இழுத்துத் தூக்குவதைத் தவிர்க்கச் சொல்கிற மருத்துவர்கள் பலர். சிலர் இதைவிடத் தாராளம். எடையைவிட முறைதான் முக்கியம். பொருளை உடலோடு ஒட்டி வைத்து, முழங்காலை மடித்து, தூக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டால் வயிறு மூடிய பலூனாகிவிடும், அழுத்தம் முழுவதும் பலவீனமான இடத்தில் போய் முட்டும். தூக்கிக்கொண்டே திரும்புவதும், தலைக்கு மேல் உயர்த்துவதும் இன்னும் சில வாரம் காத்திருக்கட்டும். சின்னக் குழந்தை ஓடிவந்து தூக்கச் சொன்னால், நீங்கள் முதலில் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற விடுங்கள்.

தசைகளை எழுப்பும் பயிற்சி முதல் வாரத்திலேயே மூச்சில் தொடங்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, மூக்கால் இழுக்கும் மூச்சில் வயிறு உயரவும், வாயால் விடும் மூச்சில் தொப்புள் மெல்ல உள்ளே போகவும் விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை. இரண்டாம் வாரத்திலிருந்து, அதே நிலையில் இடுப்பை மெல்லச் சாய்த்து முதுகின் வளைவைத் தரையோடு ஒட்டும் பயிற்சியும், ஒரு குதிகாலை மெத்தையில் வழுக்கிக் காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் சேரலாம். நான்காம் வாரத்தை ஒட்டி இடுப்பை உயர்த்தும் பாலப் பயிற்சியும், நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சியும் செய்யலாம். படுத்திருந்து எழும் வயிற்றுப் பயிற்சி, இரு கால்களையும் சேர்த்து உயர்த்துவது ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. எந்தப் பயிற்சியின்போதாவது தழும்பு இருக்கும் இடம் வெளியே தள்ளுவது தெரிந்தால், அல்லது வயிற்றின் நடுக்கோடு கூம்பாக எழும்பினால், அந்தப் பயிற்சிக்கு உங்கள் உடல் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

ஒன்பதாம் படி: முழு இயக்கம்

மெல்லோட்டமும் சைக்கிளும் மூன்று நான்கு வாரத்தில் பலருக்குக் கைகூடும். வேக நடை அரை மணி நேரம் வலியில்லாமல் முடிகிறது என்பது அதற்கான நுழைவுச் சீட்டு. காயம் மூடிவிட்டால் நீச்சல் நல்ல தேர்வு. எடைப் பயிற்சிக்கும், உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளுக்கும், கடின உடல் உழைப்புக்கும் ஆறு வாரம் நியாயமான எல்லை. லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட இளைஞர் இதற்கு முன்பே திரும்பலாம், பெரிய தழும்பு ஹெர்னியாவைச் சரிசெய்தவருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். பளு தூக்குபவர் முன்பு தூக்கியதில் நான்கில் ஒரு பங்கில் தொடங்கி, ஒரு வாரம் பிரச்சினை இல்லை என்றால் அடுத்த நிலைக்கு ஏற்றுவது நிதானமான வழி. சுமை தூக்கும் தொழில் செய்பவர்கள், முழு வேலைக்கு நேராகத் திரும்பாமல் இரண்டு வாரம் இலகுவான வேலை கேட்டு மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொள்ளத் தயங்கக் கூடாது. வீட்டுக்கு வருமானம் வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது; ஆனால் மறுபடி வந்த ஹெர்னியாவுக்கான அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது.

பத்தாம் படி: மாதங்கள் கடந்தும் தீராதவை

இருமும்போது ஒரு குத்தல், வானிலை மாறும்போது ஓர் இழுப்பு என்று சில மாதம் இருப்பது இயல்பு. மூன்று மாதத்துக்குப் பிறகும் அன்றாட வேலையைத் தொந்தரவு செய்யும் அளவுக்கு வலி இருந்தால் அது தனியாகக் கவனிக்க வேண்டிய நிலை. தொடை இடுக்கு அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஓரளவில் இத்தகைய நீடித்த வலி இருக்கிறது. வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குக் கடுமையாவது அதைவிட மிகக் குறைவு. எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற குத்தல், தொடையின் உட்புறத்துக்கோ விரைப்பைக்கோ பரவும் வலி ஆகியவை நரம்பு சார்ந்தவை என்பதைக் காட்டும். "எல்லாம் மனசுதான்" என்று யாரும் சொல்லி அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். நரம்பு வலிக்கான மருந்து, இயன்முறைப் பயிற்சி, நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி, அரிதாக மறு அறுவை என வழிகள் இருக்கின்றன. வலி எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எங்கே பரவுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்து அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். வாய்ச்சொல்லைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் உதவும்.

வலை வைத்த பின்னும் நூறில் சிலருக்கு ஹெர்னியா திரும்பலாம். எதிர்ப் பக்கத்தில் புதிதாக வருவதும் உண்டு. மாதம் ஒரு முறை, குளித்து முடித்த பின் நிமிர்ந்து நின்று, இரு தொடை இடுக்குகளிலும் விரல்களை வைத்து ஒரு முறை இருமிப் பாருங்கள். விரலை ஏதாவது தள்ளினால், படுத்தவுடன் உள்ளே போய்விடும் புடைப்பு தெரிந்தால், அவசரமில்லாமல் மருத்துவரிடம் நாள் வாங்குங்கள். அந்தப் புடைப்பு உள்ளே போக மறுத்து, கெட்டியாகி, வலியும் வாந்தியும் சேர்ந்துகொண்டால் நாள் வாங்கிக் காத்திருக்க நேரமில்லை; குடல் நெரிகிறது என்று எண்ணி அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.